பால் குற்றங்கள்: சேலையூர் விசாரணை

மனிதகுல நீதி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள் 1998 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை. இடம், சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் காலனி நலச்சங்கத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூடம். மின்விசிறி இரண்டு. ஒன்று ஓடும்.

கூட்டத்தைக் கூட்டியவர் வக்கீல் தோத்தாத்ரி. முப்பது வருஷமாக வாடகை வழக்கு மட்டுமே நடத்தியவர். போர்க் குற்றங்களை விசாரிக்க உலக நீதிமன்றம் அமைப்பது பற்றி ரோமில் மாநாடு கூடுகிறது, பிரதிநிதி ஒருவரை அனுப்புகிறோம் என்று டெல்லி அமைப்பு ஒன்று மார்ச்சில் சுற்றறிக்கை விட்டிருந்தது. போரில் பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைப் பற்றிக் கூட்டம் நடத்தி, ஐம்பது பெண்களாவது தெரியும் புகைப்படம் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. தோத்தாத்ரி உடனே ஸ்வெட்டர் வாங்கிவிட்டார், ஜூலை மாத ரோமுக்கு.

நோட்டீஸில் ‘பாலினக் குற்றங்கள்’ என்றுதான் முதலில் இருந்தது. எழுத்து பெரிதாக வர வேண்டுமென்று ‘இன’த்தை வெட்டியவரும் அவரே.

“பால்னாலே ஆண்பால், பெண்பால்தான் சார். இலக்கணத்துலயே இருக்கு” என்றார், சங்கச் செயலாளர் சுந்தரராமனிடம்.

ஆகவே காலனிச் சுவரெங்கும் இப்படி ஒட்டப்பட்டது: ‘பால் குற்றங்கள்! உலக நீதிமன்றம் தண்டிக்கும்! பெண்களே, திரண்டு வாரீர்!’

திரண்டுவிட்டார்கள். எழுபத்திரண்டு பேர். பாதிப் பேர் கையில் சொம்பு. மேடையில் ஒரு நீள மேஜை, ஐந்து நாற்காலி, ஐந்திலும் ஆண்கள். பெண்களின் பங்களிப்பாகக் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது.

“உத்தரவு போட்ட தளபதி, தன் கையால செய்யலைன்னாலும் குற்றவாளிதான். இதுதான் நவீன சட்டம்” என்று தோத்தாத்ரி நாற்பது நிமிஷம் முழங்கினார். “கேள்வி இருந்தா கேக்கலாம்.”

டெலிபோன்ஸில் வேலை பார்க்கும் தனம் எழுந்து வந்து, ஒரு சொம்பை மேடைமேல் வைத்தார்.

“சார், இது இன்னிக்குக் காலைல வாங்கினது. டம்ளர்ல ஊத்தினா அந்தப் பக்கம் பேப்பர் படிக்கலாம். எந்த செக்‌ஷன்ல வரும்?”

“அம்மா, இது வேற பால்.”

“எருமைப் பால்னு சொல்லித்தானே சார் ஊத்தறாங்க?”

தோத்தாத்ரி இலக்கணத்தை விளக்கினார். விளக்க விளக்க, கடைசி வரிசை காலியாகத் தொடங்கியது. போட்டோகிராபர் ஏகநாதனின் பிளாஷ் இன்னும் சார்ஜ் ஏறவில்லை; ஒரு படம்கூட எடுத்தாகவில்லை.

“சார், இவங்க போனா ரோம் போச்சு” என்று காதோடு சொன்னார் சுந்தரராமன்.

வக்கீல் மைக்கைப் பிடுங்கினார். “உட்காருங்கம்மா. பாலையும் விசாரிக்கலாம். நீதிக்கு எதுவும் சின்ன விஷயமில்லை.”

குற்றவாளி கூடத்திலேயே இருந்தாள். மாடம்பாக்கத்திலிருந்து தினமும் பால் கொண்டுவரும் கன்னியம்மா. நோட்டீஸைப் பார்த்து அவளும் வந்திருந்தாள்.

“இன்னா சார், ஒரு சொம்புத் தண்ணிக்கு உலக கோர்ட்டா? நம்மூரு கோர்ட்டு பத்தாதா?”

“கலந்தியா, இல்லையா?”

“கலந்தேன். ஊத்துடின்னு சொன்னது எங்க வூட்டுக்காரரு. எருமை அவரு பேர்ல கீது. திட்டு மட்டும் என் பேர்ல. இப்பதான நீ சொன்ன, சொன்னவன்தான் குத்தவாளின்னு?”

தோத்தாத்ரி தன் சட்டத்திலேயே ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

“கரெக்டாதான் சொல்றா. எங்க வீட்லயும் உத்தரவு அவர்து, வாங்கிக் கட்டிக்கறது நான்” என்றார் தனம். “உங்க தளபதி எங்க கன்னியம்மா?”

“அப்பாதுரையா? கேட்டாண்ட சைக்கிள புடிச்சிகினு நிக்குது.”

எழுபத்திரண்டு பேரும் எழுந்தார்கள். அப்பாதுரை ஜன்னல் வழியாக இதைப் பார்த்து சைக்கிளில் தாவி ஏறினார். சொம்புகள் உயர்ந்தன. முன்வரிசையில் கன்னியம்மா. மேடையில் ஐந்து ஆண்களும் மேஜைக்கடியில். அந்தக் கணத்தில் பிளாஷ் அடித்தது.

போர்க் கொடுமைக்கு எதிராக இவ்வளவு ஆவேசமான படத்தை டெல்லி பார்த்திருக்காது என்று தோத்தாத்ரி தழுதழுத்தார். மறுநாள் காலை அதை கூரியரில் அனுப்பிவிட்டு, பெட்டியில் ஸ்வெட்டரை மடித்து வைத்தார்.

ரோம் மாநாடு வெள்ளிக்கிழமையே முடிந்திருந்தது.