அமுக்கு, பிடி, விடு

"அமுக்கு."

ராக்ஸேன் பெடலை அமுக்கினாள்.

"பிடி."

பிடித்துக்கொண்டாள். முன்சக்கரத்தின் அருகே படுத்திருந்த கணவன் வெண்டெல் ஸ்பானரால் ஒரு சிறு திருகைத் தளர்த்தினான். அவள் காலடியில் பெடல் நழுவித் தரைவரை இறங்கியது. திருகை இறுக்கினான்.

"விடு."

தேவாலயத்திலிருந்து வந்த கையோடு உட்கார்ந்தவள். வெயில் இப்போது சந்தின் எதிர்ச்சுவரில் ஏறிவிட்டது. வலது முழங்கால் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. மறுநாள் விடியுமுன் மேட்டிலிருந்து இறங்கி ஆற்றங்கரை ஆஸ்பத்திரியின் சமையலறையில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். அலைந்து அலைந்து கிடைத்த வேலை. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. பிக்கப் வண்டியோ போன வாரம் உயிரை விட்டிருந்தது. மிச்சம் இந்த எழுபத்தொன்றாம் வருட நோவா கார் மட்டும்தான். வி-எட்டு எஞ்சின், ஓடச் சொன்னால் பேயாய் ஓடும். நிற்கச் சொன்னால்தான் யோசிக்கும்.

அதில் இருந்தது டிரம் பிரேக். சுழலும் சட்டிக்குள் இரண்டு பிறைக்கட்டைகள் விரிந்து உள்சுவரில் உரசும். சட்டி சூடேறினால் பிடி தளரும்; ஈரம் புகுந்தால் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கும். போன மாத மழையில் இறக்கத்தில் வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டுபோய் ஒரு தபால் பெட்டியை உரசித்தான் நின்றது. அன்றிலிருந்து ராக்ஸேன் அதில் ஏறவில்லை. டிஸ்க் பிரேக் அப்படியல்ல. வெளிக்காற்றில் சுழலும் இரும்புத் தட்டை இரு பக்கமும் இடுக்கிபோல் கவ்வும். சூடு காற்றோடு போகும், தண்ணீர் தெறித்துவிடும்.

புது செட் வாங்க வசதியில்லை. அதே நோவா எழுபத்து நாலில் டிஸ்க்கோடு வந்தது, அடிச்சட்டமும் ஒன்றே. பழைய வண்டிக் கிடங்கில் அப்படி ஒன்றைத் தேடிப்பிடித்து, தட்டுகள், அவற்றைக் கவ்வும் காலிப்பர்கள், சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கணுக்கள் எல்லாவற்றையும் வெண்டெல் கழற்றிவந்தான். தட்டுகளைக் கடைசல் பிடித்து, காலிப்பர்களுக்குப் புது ரப்பர் போட்டு, பின்சக்கரங்கள் முந்திக்கொண்டு பிடிக்காமலிருக்க ஒரு வால்வும் சேர்த்தான்.

பாக்கி, குழாயில் புகுந்த காற்றை எடுப்பதுதான். பிரேக் ஆயில் அமுங்காது. மிதித்ததை அப்படியே சக்கரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். காற்று அமுங்கும், மிதியெல்லாம் அதிலேயே கரையும். அதனால் பெடல் கல்லாகும்வரை ஒருவர் மிதிக்க, ஒருவர் திருகைத் திறந்து மூட வேண்டும். பழைய வண்டி வைத்திருக்கும் வீடுகளில் மிதிப்பது எப்போதும் மனைவிதான்.

பக்கத்து வீட்டு பெர்னி வாசலில் பீரோடு ரேடியோவில் கால்பந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ராக்ஸேன், மிதிச்சே எங்கம்மா போய்ச் சேர்ந்த?"

"கிளீவ்லாந்தைத் தாண்டிட்டேன் பெர்னி. உங்க டீம் தோக்குதாமே, வழியில பேசிக்கிட்டாங்க."

"வயித்தெரிச்சலைக் கிளப்பாத!"

வெண்டெல் தலையைத் தூக்கினான். "எப்படி இருக்கு?"

"ஊறின ரொட்டிய மிதிக்கற மாதிரி இருக்கு."

"இன்னும் ஒரே தடவ."

"ஒரு பாட்டில் ஆயிலுக்கு முன்னாடியும் இதையேதான் சொன்ன."

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். கண்களுக்குக் கீழே கருத்திருந்தது. "எனக்கும் புரியல, ராக்ஸி. நாளைக்கு ஒரு நாள் வரலன்னு சொல்லிடறியா?"

"முதல் நாளேயா? வேற ஆளை வெச்சுக்குவாங்க."

காலை உதறியபடி இறங்கி, சக்கரத்தருகே கவிழ்த்திருந்த வாளியில் உட்கார்ந்து சோடாவைத் திறந்தாள். பாட்டிலுக்குள் குமிழ்கள் மேலே மேலே ஏறுவதைப் பார்த்தாள். பிறகு காலிப்பரைப் பார்த்தாள்.

"வெண்டெல், உள்ள இருக்கற காத்து எங்க போய் நிக்கும்?"

"மேலதான்."

"அப்ப உன் திருகு ஏன் அடியில இருக்கு? மாடியில இருக்கறவனை நிலவறைக் கதவைத் திறந்துவெச்சுக் கூப்பிடற மாதிரி."

அவன் குனிந்து பார்த்தான். காலிப்பரில் அவன் கையாலேயே மஞ்சள் பெயின்டில் 'இடது' என்று எழுதியிருந்தது. வண்டிக்கு இடது வலது ஓட்டுநர் இருக்கையிலிருந்து கணக்கு. கிடங்கிலோ அவன் வண்டியின் முகத்தைப் பார்த்து நின்றுகொண்டு தன் இடது கைப்பக்கத்தை இடது என்று எழுதியிருந்தான். கணுக்கள் மாறினால் பொருந்தாது, அதனால் அவற்றில் தப்பித்தான். காலிப்பர்கள் எந்தப் பக்கமும் பொருந்தும். மாறினால் மேலிருக்க வேண்டிய திருகு கீழே போய்விடும்.

"இத்தனை வருஷமா வண்டி ஓட்டற..."

"சொல்லாத."

"எனக்கு எதுவும் காதுல விழல!" என்றார் பெர்னி.

பக்கம் மாற்றி மாட்டினான். அவள் மறுபடியும் ஏறினாள். அமுக்கு, பிடி, விடு. இந்த முறை திருகு வழியே காற்று சீறிக்கொண்டு வந்தது. சில மிதிகளுக்குள் பெடல் பாதியிலேயே நின்றது. அதற்குமேல் இம்மியும் இறங்கவில்லை.

"நான் ஓட்டிப் பாத்துட்டு வரேன்" என்றான்.

"நாளைக்கு ஓட்டப்போறது நானு. நீ அந்தப் பக்கம் உக்காரு."

தூறத் தொடங்கியிருந்தது. ஆளில்லாத சந்திலேயே முதலில் மெதுவாகப் பலமுறை நிறுத்திப் பார்த்தாள். பிறகு அதே இறக்கம், அதே தபால் பெட்டி. பெட்டிக்கு முன்னால் அழுத்தி மிதித்து, ஸ்டியரிங்கில் பிடியைத் தளர்த்தினாள். வண்டி எந்தப் பக்கமும் போகாமல் நேராக நின்றது.

சந்தோஷப்படத் தெம்பில்லை. அடிவாரத்துச் சிவப்பு விளக்கில் நிறுத்தி, பெடலை மிதித்தபடியே இருந்தாள். விளக்கு பச்சையானது. கால் நகரவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

இருக்கையில் பாதித் தூக்கத்திலிருந்த வெண்டெல் கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"விடு."

விட்டாள்.