பாக்குர் மரத்தின் முதல் கிளை

2023ஆம் ஆண்டு ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை காலை, கொல்கத்தா லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில், போன்சாய் சங்கச் செயலாளர் நரேன் பால் ஜனவரிக் கண்காட்சிக்கு ஆல், அரசு இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்குர் மரத்தைத் தேர்ந்தெடுத்தார். மரம் வசந்தியுடையது; மாடியில் அவளுக்கென்று ஏழு தொட்டிகள் இருந்தன. சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர் அவளுடைய கணவர் வெங்கடநாராயணன்.

அந்த நேரத்தில் வெங்கடநாராயணன் தன் ஆலமரத்தின் அருகில் நின்றுகொண்டிருந்தார். விடிந்ததும் மாடிக்கு வந்து அதன் இலைகளை ஈரத்துணியால் துடைத்து, தொட்டி மண்மேல் புதிய பாசி பரப்பி, படி ஏறி வருகிற ஆள் கண்ணில் முதலில் படும்படி மேசையின் நடுவில் வைத்திருந்தார். இருபத்திரண்டு வருட மரம். வங்கியில் இருந்த காலத்திலேயே வாங்கியது. எந்த வயதில் எந்தக் கிளையை விட வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று புத்தகம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். விழுதுகள்கூட அவர் நினைத்த இடத்தில்தான் இறங்கியிருந்தன.

நரேன் ஆலின் முன்னால் நின்று, "பேஷ், பேஷ்" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த பாக்குரிடம் போனவர் அப்படியே குந்தி உட்கார்ந்தார். கண்ணைத் தொட்டியின் மட்டத்துக்கு இறக்கி, அடியிலிருந்து நுனிவரை மெதுவாக ஏறி இறங்கிப் பார்த்தார். மரம் தெரிந்தவர்கள் மரம் பார்க்கிற முறை அது. ஆலுக்கு முன்னால் அவர் உட்காரவில்லை என்பதை வெங்கடநாராயணன் கவனித்தார்.

"பௌதி, இது எங்கே கிடைச்சது?" என்று அண்ணி முறை வைத்து வசந்தியிடம் கேட்டார்.

"அதோ, அந்தக் குழாயில" என்று வசந்தி வங்காளியில் சொல்லி, மழைநீர்க் குழாயைக் காட்டினாள். "இவர் பிடுங்கித் தூக்கி எறிஞ்சார். நான் எடுத்துண்டேன்."

உண்மைதான். ஐந்து வருடங்களுக்கு முன், குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் முளைத்து, கீழே வெட்ட வெட்டத் தழைத்துக்கொண்டிருந்த பழைய கட்டையை, சுவர் பிளந்துவிடும் என்று வெங்கடநாராயணனே உளி வைத்துப் பெயர்த்துக் குப்பை மூலையில் போட்டார். வசந்தி அதை ஓட்டை விழுந்த இட்லிக் கொப்பரையில் நட்டாள். "களைக்கெல்லாம் கொப்பரையா" என்று அவர் மகளிடம் போனில் சொல்லிச் சிரித்தார். குழாயை ஒட்டி வளைந்த தண்டு, சுவரில் அழுந்தித் தட்டையான வேர்கள். எந்தப் புத்தகம் பார்த்தாலும் அந்த வளைவைக் கையால் கொண்டுவர முடியாது. அது தெரிந்த முதல் ஆள் அவர்தான். தெரிந்து மூன்று வருடமாகிறது. ஒருமுறைகூட வாய் திறந்து சொன்னதில்லை.

"வெங்கட்தா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று அண்ணன் முறை சொல்லித் தொடர்ந்தார் நரேன். "உங்க ஆல் கிளாஸ்ல முதல் பெஞ்ச் பையன் மாதிரி. சொன்னதெல்லாம் செஞ்சிருக்கு. இது யார் பேச்சும் கேக்காம வளர்ந்த மாதிரி இருக்கு. வீட்டுக்கு ஒரு மரம்தான், ஹால் சின்னது. இதையே வச்சுக்கலாம். அடியில இருக்கற முதல் கிளை மட்டும் ஒரு விரல் அளவு கீழே இறங்கணும். கம்பி கட்டிடுங்க. நவம்பர்ல வந்து முடிவா பாக்கறேன்."

"அதுக்கென்ன, கட்டிடலாம்" என்றார் வெங்கடநாராயணன். ஆளுக்கு ஒரு சந்தேஷ் இனிப்பை எடுத்துத் தட்டில் வைத்தார்.

அன்று சாயங்காலம் வசந்தி அலுமினியக் கம்பிச் சுருளை எடுத்துவந்தாள். "ஏன்னா, என் விரல் மடங்க மாட்டேங்கறது. நீங்களே கட்டிடுங்கோளேன். கம்பி கட்டறதுல உங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது."

கட்டினார். மோசமாகக் கட்ட அவருக்குத் தெரியாது. தண்டில் ஒரு சுற்று பிடிப்பு, பிறகு கிளையில் சாய்வாக, ஒரே இடைவெளியில், இலை ஒன்றுகூட மாட்டாமல். கிளையை மெதுவாக இறக்கினார். இறக்கியதும் மரம் நின்ற விதம் மாறிவிட்டது. வசந்தி, "பாத்தேளா, எப்படி வந்துடுத்து" என்றாள். தன் கையாலேயே அதை அழகாக்கிக் கொடுத்துவிட்டோம் என்பது அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் உறைத்தது. ரசத்தில் உப்பு இல்லை என்று தட்டை நகர்த்தினார்.

அதன்பிறகு மாடிக்குப் போகும்போதெல்லாம் பாக்குரைத் திருப்பி, கிளையில்லாத அதன் வழுக்கைப் பக்கம் படியைப் பார்க்கும்படி வைத்தார். வசந்திக்கு அதில் கோபம் வரவில்லை. "திருப்பி வெச்சேளா? நல்லதாப் போச்சு, அந்தப் பக்கமும் வெயில் படட்டும்." எதிர்வீட்டு முகர்ஜி ஒரு நாள் மாடிக்கு வந்து, வழுக்கைப் பக்கத்தையே பார்த்து, "ஆஹா, மலைச்சரிவுல நிக்கற மாதிரி" என்றார். வெங்கடநாராயணன் அன்றைக்கு ஒரு கப் டீகூடக் கொடுக்காமல் அவரை அனுப்பினார்.

ஜூலை நடுவில் பெங்களூரிலிருந்து மகள் மது கூப்பிட்டாள். குறித்த நாளுக்கு முன்னாலேயே பிரசவமாகிவிடும் போலிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். வசந்தி இரண்டு நாளில் கிளம்பினாள். கிளம்பும்போது சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிமுடித்து, கடைசியாகச் சொன்னாள்.

"பாக்குர் கம்பியை ஒரு கண் பாத்துக்கோங்கோ. மழைல மளமளன்னு பருத்துடும். பட்டையில அழுந்தற மாதிரி இருந்தா வெட்டி எடுத்துடுங்கோ. பிரிக்கப் போய் கிளை ஒடிஞ்சுடப் போறது."

"எனக்குச் சொல்லித் தர்றியா?"

"சொல்லித் தரலை. ஞாபகப்படுத்தறேன்."

மழை வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஏரிப்பக்கமிருந்து ராத்திரி பூரா தவளைச் சத்தம். ஆகஸ்ட் முதல் வாரம் மழை விட்ட ஒரு காலையில் வெங்கடநாராயணன் கட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். தன் மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆல், காகிதப்பூ, புளி, எல்லாவற்றிலும் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து ஒரு டப்பாவில் போட்டார். கடைசியாகப் பாக்குர்.

கிளை பருத்திருந்தது. கம்பி இன்னும் மேலேதான் இருந்தது. ஆனால் இரு பக்கமும் பட்டை சற்றே மேடு தட்டியிருந்தது. இன்று வெட்டினால் ஒரு தடமும் இருக்காது. பத்து நாள் விட்டால் தடம் விழும். ஒரு மாதம் விட்டால் நாலைந்து வருடத்துக்குப் போகாது. இது அவருக்கு நாள் பார்த்துச் சொல்லுகிற அளவுக்குத் தெரியும்.

கட்டரின் வாயைக் கம்பிக்குக் கொடுத்தார். அப்போது கீழே கேட்டில் யாரோ அழைத்தார்கள். முகர்ஜி. "வெங்கட்தா, பௌதியோட பாக்குர் எப்படி இருக்கு? நரேன் எங்க வீட்டுக்கு வந்தப்போ அரை மணி நேரம் அதைப் பத்தியே பேசினான்."

"நன்னா இருக்கு" என்று எட்டிப் பார்த்துச் சொன்னார் வெங்கடநாராயணன். கட்டரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் மழையில்லை. மாடிக்குப் போகவும் இல்லை. மாடிக்குப் போவதே தண்ணீர் விடத்தான், அதைத்தான் வானமே பார்த்துக்கொள்கிறதே என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார்.

பேரன் பிறந்தான். வீடியோவில் குழந்தையைக் காட்டிவிட்டு வசந்தி, "மரத்தைக் காட்டுங்கோ" என்றாள். படியின் மேல்தட்டிலிருந்தே காட்டினார்.

"கிட்டக்கப் போங்கோளேன்."

"தூறல். போன் நனைஞ்சுடும்."

"கம்பி?"

"பாத்துக்கறேன்னேனே."

செப்டம்பர் முதல் வாரம் அவள் வந்தாள். பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, கால் அலம்பாமல் மாடி ஏறினாள். வெங்கடநாராயணன் பின்னாலேயே போனார். போகாமல் இருக்க முடியவில்லை.

கம்பி பாதிக்குமேல் கிளைக்குள் புதைந்திருந்தது. இரண்டு இடங்களில் பட்டை அதன்மேல் மூடத் தொடங்கியிருந்தது. வசந்தி தரையில் உட்கார்ந்து மடங்காத விரல்களால் கட்டரைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தாள். அவர் கை நீட்டியபோது, "இருக்கட்டும்" என்றாள். முடிந்தபோது கிளையைச் சுற்றித் திருகாணி மரையைப் போல ஒரு பள்ளம் ஓடியது.

"பாக்கவே இல்லையா?"

"இந்த மழைல மேல யார் வந்தா."

அவள் திரும்பி அவருடைய மரங்களைப் பார்த்தாள். ஆல், காகிதப்பூ, புளி. எதிலும் கம்பி இல்லை. தடமும் இல்லை.

"உங்களுதுல எல்லாம் எடுத்திருக்கேளே."

"அது மழைக்கு முன்னாடியே எடுத்தது."

"நான் ஊருக்குப் போறச்சே இருந்ததே."

வசந்தி, வெட்டிய கம்பித் துண்டுகளைப் புடவைத் தலைப்பில் பொறுக்கிக்கொண்டு கீழே போய், கால் அலம்பி, குக்கர் வைத்தாள்.

நவம்பர் கடைசியில் நரேன் வந்தார். பாக்குருக்கு முன்னால் மறுபடியும் குந்தி உட்கார்ந்தார். இந்த முறை சீக்கிரம் எழுந்துவிட்டார்.

"இது எப்படி ஆச்சு? முதல் கிளையில போய். மழையில யார் பார்த்துக்கிட்டது?"

வெங்கடநாராயணன் வாயைத் திறந்தார். என்ன சொல்வது என்று யோசித்துத்தான் வைத்திருந்தார். அதற்குள் வசந்தி சொன்னாள்: "என் தப்புதான் நரேன்தா. குழந்தை ஞாபகத்துல விட்டுட்டேன்."

நரேன் உச்சுக் கொட்டினார். "போனது போச்சு பௌதி. இந்த வருஷம் வேண்டாம். ஜனங்க மரத்தைப் பாக்க மாட்டாங்க, தழும்பைத்தான் பாப்பாங்க." பிறகு ஆலின் பக்கம் திரும்பி, "வெங்கட்தா, அப்போ உங்களுதுதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ஐந்து மாதம் காத்திருந்தார். வந்தபோது மனசு அதில் நிற்கவில்லை. என் தப்புதான் என்று அவள் சொன்ன விதத்திலேயே போய் நின்றது. நேராக, தயங்காமல், யாரோ ஒருவரிடம் மணி சொல்வதுபோலச் சொன்னாள். அவரால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. இதிலும் அவளே ஒரு படி மேலே போய்விட்டாளே என்று இருந்தது. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எதற்காக முந்திக்கொண்டாய் என்று கேட்கத்தான் தோன்றியது.

ஜனவரியில் கண்காட்சி மூன்று நாள் நடந்தது. வெங்கடநாராயணன் மூன்று நாளும் சலவை செய்த பைஜாமா, குர்த்தாவில் ஆலமரத்தின் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வசந்தி முதல் நாள் வந்து, மரத்தைச் சுற்றிப் பார்த்து, தொட்டி விளிம்பில் சிந்தியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் ஜாதவ்பூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி பெயர்ச் சீட்டைப் படித்துவிட்டு நின்றாள்.

"லேக் கார்டன்ஸா? அங்கே ஒரு வீட்டுல குழாயில முளைச்ச பாக்குர் இருக்காமே. நரேன்தா சொன்னார். அதைப் பாக்கத்தான் வந்தேன்."

"அது வேற ஒருத்தருது" என்றார் வெங்கடநாராயணன். "இந்த வருஷம் வரலை."

"அடடா" என்று சொல்லி, ஆலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் அடுத்த மேசைக்குப் போனாள்.

ஆலுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. பிப்ரவரியில் வசந்தி தன் பெயரில் சங்கத்தில் சேர்ந்தாள். மார்ச்சில் பேரனுக்குக் காது குத்த பெங்களூர் போனாள். போவதற்கு முதல் நாள் டாக்ஸி வரவழைத்து, பாக்குரையும் சேர்த்துத் தன் ஏழு மரங்களையும் நரேன் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். தொட்டிகளை மாடியிலிருந்து இறக்கிக் கொடுத்தது வெங்கடநாராயணன்தான்.