நீலக் குழாயில் ஊக்குத் துளைகள்

பீன்யா தொழிற்பேட்டையில் நாங்கள் வேலை செய்த ஸ்விட்ச் கம்பெனியில் ஜன்னலைத் திறக்கக் கூடாது. தூசி வந்துவிடும். மின்விசிறியும் கிடையாது. கடுகளவு ஸ்பிரிங்குகள் பறந்துவிடும் என்பார்கள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஏப்ரல் மாதத்தில் பதினொரு மணிக்கே முதுகில் ஜாக்கெட் ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு நீல பிளாஸ்டிக் குழாயில் கம்ப்ரஸர் காற்று வரும். ஸ்க்ரூ முடுக்கும் கருவி அந்தக் காற்றில்தான் சுற்றும். புடவை ஊக்கைத் தீக்குச்சியில் சுட்டு அந்தக் குழாயில் ஒரு துளை போட்டுக்கொள்வது எங்கள் இருபத்திரண்டு பேருக்கும் வழக்கம். கழுத்துக்கு நேராகப் போட்டால் நூல் மாதிரி ஒரு குளிர்ச்சி வரும்.

பக்கத்து மேஜை ஜெயலட்சுமி அக்காவுக்கு ஐந்தாவது மாதம். கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்காரர் கால் உடைந்து கிடந்ததால் அவளால் வேலையை விட முடியாது. மார்ச்சில் ஒருநாள் மேஜையிலேயே சாய்ந்துவிட்டாள். பித்தம் என்று சொல்லிச் சமாளித்தோம். அதற்குப் பிறகு அவள் குழாயில் ஐந்து துளைகள்.

கரண்ட் செலவைக் குறைக்க முதலாளி ஒரு இன்ஜினியரை அழைத்து வந்தார். பெயர் பாலகுமார். சாப்பாட்டு நேரத்தில் எல்லாக் கருவிகளும் நின்றிருந்தபோது, அவர் கடிகாரத்தோடு கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது தானாக உறுமி எழுந்தது.

"யாரும் காத்தை யூஸ் பண்ணலை, ஆனா ஓடுது. எங்கேயோ லீக்," என்றார். "சோப்புத் தண்ணி தடவுங்க. நுரை எழும்புற இடத்தை எழுதி வைங்க."

சூப்பர்வைசர் ஆம்ப்ரோஸ் என்னைக் கூப்பிட்டார். "ஏ வாயில்லாப்பூச்சி, நீ பண்ணு. இவளுங்களை விட்டா சும்னே கதை பேசிட்டு நிப்பாளுங்க. ஒன்பதாவது வரைக்கும் படிச்சேல்ல, எழுத வரும்ல?"

பெரிய குழாயின் மூட்டுகளில் தடவினேன். ஐந்து இடங்களில் நுரை வந்தது. எழுதினேன். பிறகு பிரஷோடு மேஜைகள் பக்கம் திரும்பினேன்.

"எழுதுடி, எழுது," என்றாள் எதிர் மேஜை மௌரீன். "உனக்கு மட்டும் ஏசி ரூம் குடுப்பாங்க."

அக்கா தலை நிமிராமல் சொன்னாள்: "பாப்பா, என்னைத் தாண்டிப் போயிடும்மா."

தாண்டிப் போனேன். அவளை மட்டும் விட்டால் தெரிந்துவிடும் என்று எல்லோரையும் தாண்டினேன்.

மூட்டுகளைச் சரிசெய்தார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்ரஸர் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தது. பாலகுமார் என் காகிதத்தைப் பார்த்தார்.

"மேஜைங்களைப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

அவர் பிரஷை வாங்கிக்கொண்டு போய் எடுத்த எடுப்பில் அக்காவின் குழாயில் தடவினார். ஐந்து குமிழ்கள் வரிசையாக உப்பின.

"எலி ஸ்கேல் வெச்சுக் கடிச்சுதா?" என்றார் ஆம்ப்ரோஸ். "பையை எடுத்துட்டுக் கிளம்பும்மா நீ."

அக்கா எழுந்திருக்கவில்லை. எழுந்தால் வயிறு தெரியும். அந்தக் கம்பெனியில் அதுவரை நான் சத்தமாக எதுவும் பேசியதில்லை.

"எல்லார் குழாயிலயும் இருக்கு சார்," என்றேன். "நாங்கதான் குத்தினோம். உள்ளே மூச்சு விட முடியலை."

மௌரீன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆனால் இருபத்திரண்டு பேரை எப்படி அனுப்புவது? ஆம்ப்ரோஸ் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

பாலகுமார் சிரித்துவிட்டார். "உலகத்திலேயே ரொம்ப கரண்ட் குடிக்கிற விசிறி இதுதான் சார்," என்றார் முதலாளியிடம். "கூரைகிட்ட ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க. உங்க ஸ்பிரிங் பறக்காது. இந்த ஓட்டைங்க தின்கிறதுல கால் பங்கு கரண்ட் கூட ஆகாது."

அவர் கொடுத்த அறிக்கையில் இரண்டு வேலைகள் இருந்தன. குழாய்களை மாற்றுவது, ஃபேன் போடுவது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கம்பி பின்னிய குழாய்கள் வந்துவிட்டன. ஊக்கு வளைந்ததே தவிர இறங்கவில்லை. ஃபேன் அப்புறம் என்றார்கள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் கம்ப்ரஸர் எழவே இல்லை. என்னோடு யாரும் சாப்பிட உட்காரவும் இல்லை. அக்கா மட்டும் உட்கார்ந்தாள்.

மே இரண்டாம் வாரம் அவள் மறுபடி சாய்ந்தாள். ஆம்ப்ரோஸ் தண்ணீர் தெளிக்கக் குனிந்தார். புடவை விலகி வயிறு தெரிந்தது. நிமிர்ந்து வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

பகலெல்லாம் பூட்டியே கிடக்கும் இரும்புக் கதவை அவளுக்காகத் திறந்தார்கள். அவள் பையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். வெளியிலிருந்து காற்று வந்து எங்கள் முகத்தில் பட்டது. யாரும் கருவியைத் தொடவில்லை. நானும் அந்தக் காற்றுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு வாட்ச்மேன் பூட்டிவிட்டான்.