ஜீரோ வாட் பல்பு

இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்று மகள் போனில் கேட்டபோது, அதன் வயரையே பிடுங்கிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன். அவள் இருப்பது வெளிநாட்டில். புது மீட்டர் மாட்டியதிலிருந்து என் வீட்டில் ஓடும் கரண்ட் அவள் செல்போனில் கோடாகத் தெரிகிறது. அப்பாவின் முகத்தைவிட அந்தக் கோடுதான் அவளுக்கு இப்போது பழக்கம்.

"நீங்க தூங்குறப்பவும் எதோ ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்குப்பா. பதினஞ்சு வாட். பகல்லயும் நிக்கல. எதை அணைக்க மறக்குறீங்க?"

மறதி என்ற பேச்சை எடுத்தாலே நான் உஷாராகிவிடுவேன். நான் மறக்க ஆரம்பித்தால் வீட்டைப் பூட்டிவிட்டு என்னைத் தன்னோடு அழைத்துப்போவதாக, அவள் அம்மா இறந்த வாரமே சொல்லிவிட்டாள். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு இந்த வீடு வேண்டும்.

மூலை முடுக்கெல்லாம் தேடினேன். ஃபேன் போடுகிற காலமில்லை. ஒற்றை ஆள் சமையலுக்கு எதற்கென்று ஃபிரிட்ஜை எப்போதோ நிறுத்திக் கதவைத் திறந்துபோட்டாயிற்று. எரிந்துகொண்டிருந்தது மனைவியின் அறையிலிருந்த ஜீரோ வாட் பல்பு மட்டும்தான். இருட்டென்றால் அவளுக்கு ஆகாது. அவள் போன பிறகும் அந்த சுவிட்சில் நான் கை வைக்கவில்லை. ஆனால் ஜீரோ என்றால் ஜீரோதானே? ஆயுசு முழுக்க லாரி எடைமேடையில் உட்கார்ந்து, மேடை காலியானால் ஜீரோ வருகிறதா என்று பார்த்தவன் நான்.

எதற்கும் இருக்கட்டுமென்று, அவள் வாங்கி வைத்திருந்த உபரி பல்பை அலமாரியிலிருந்து எடுத்தேன். அட்டையில் பதினைந்து வாட் என்று போட்டிருந்தது. ஊரே கூடிப் பொய்ப் பெயர் வைத்திருக்கிறது.

கண்டுபிடித்துவிட்டேன், ஒரு சின்ன பல்பு என்று மகளிடம் சொன்னேன். எந்த அறை என்று சொல்லவில்லை. சொன்னால் மறதிக் கவலை போய் வேறு கவலை வந்துவிடும். இத்தனூண்டு வெளிச்சத்துக்கா இந்தப் பாடு என்றேன்.

"வாட்டுங்கிறது குழாய் எவ்ளோ வேகமா ஊத்துதுங்கிறது. யூனிட்டுங்கிறது வாளியில சேர்ந்தது. சொட்டுனாலும் நிக்காம சொட்டுனா வாளி நிறையும்லப்பா?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட்டைக் குடித்துவிடும். இந்தப் பல்புக்கு அதற்குக் கிட்டத்தட்ட மூன்று நாள் வேண்டும். மனைவியின் சாவுக்கு வந்தவர்கள் ஒரே நாளில் அழுது தீர்த்துவிட்டுக் கிளம்பினார்கள். எனக்கு அந்த வேகம் வரவில்லை.

மறுநாள் மதியம் அந்த அறைக்குப் போய் சுவிட்சை அணைத்தேன். குளித்துவிட்டு வருவதற்குள் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே அவளுக்கு இன்னும் விடிந்திருக்காது.

"அப்பா, என்ன ஆச்சு? கோடு ஜீரோவுல கிடக்கு."

அணைத்துவிட்டேன், நீதானே சொன்னாய் என்றேன். எந்த பல்பு என்று கேட்டாள். அம்மா அறையில் இருப்பது என்றேன்.

"போட்டுவிடுங்கப்பா. வீட்ல யாருமே இல்லாத மாதிரி இருக்கு."

போட்டேன். பகல் வெளிச்சத்தில் அது எரிகிறதா என்றே தெரியவில்லை. போனைக் காதில் வைத்தபடி மனைவியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"கோடு வந்துருச்சாம்மா?"

"இன்னும் இல்லப்பா. கொஞ்சம் ஆகும். வச்சிராதீங்க."