ரம்பம் தின்ற சந்து

“ட்ரில் வேணும்னா வாங்கிக்கோ, வேண்டாங்கலை. ஆனா அந்தச் சக்கரத்தை மட்டும்—”

“சக்கரம் இல்லைக்கா, கையால பிடிச்சு மரம் அறுக்கற மிஷின். மேலே மூடியெல்லாம் போட்டு—”

“மூடியிருந்தா எப்படிடி அறுக்கும்? இவர் வேலை பாத்த இடத்துலயும் மூடி இருந்தது—”

“அத்திம்பேர் அன்னிக்குக் கையுறை போட்டுண்டிருந்தார். சுத்தற மிஷின்கிட்ட கையுறையே ஆகாது, இழுத்துடும். புஸ்தகத்துலயே—”

“புஸ்தகம் படிச்சா போன விரல் முளைக்குமோ? கேட்டுக்கோ ஞானம். அந்த மிஷின் உள்ளே வந்துதோ, உன் வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்.”

சிட்லபாக்கத்தில் 1986 ஆவணி மாதம் இந்தச் சண்டை நடந்த காலையில், ஞானாம்பாள் வீட்டுக்கும் அவள் அக்கா காமு வீட்டுக்கும் நடுவே இருந்த சந்தின் அகலம் பன்னிரண்டு அடி. எட்டு வருஷம் கழித்து அது ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. யாரும் எதையும் இடித்துக் கட்டவில்லை. சுவர்களில் விரிசல் விழவில்லை. வீடுகள் நகர்ந்து வந்தன, அவ்வளவுதான்.

ஞானாம்பாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு இணைத்துவிட்டவளுக்கு, தனக்கென்று ஒரு சத்தம் வேண்டும் என்று தோன்றியபோது வயது நாற்பத்தைந்து. சந்தைப் பார்த்த பக்கவாட்டு அறையைக் காலி செய்து மரவேலைக்கென்று வைத்துக்கொண்டாள். நீளப் பலகைகளை உள்ளே விடுவதற்காக ஜன்னல் கம்பிகளை எடுத்துவிட்டு வெறும் கதவு மட்டும் போட்டாள். எதிரே, அதே உயரத்தில், காமுவின் சமையலறை ஜன்னல். அக்கா தங்கை இருவரும் அடுத்தடுத்த மனைகளாகப் பார்த்து வாங்கியதே ராத்திரிச் சாப்பாடு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஒருநாள் இங்கே, மறுநாள் அங்கே. காமுவின் கணவர் சுந்தரராமன் இடது கையின் இரண்டு விரல்களைக் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து, மிக்ஸியைக் கூட காமு தூர நின்றுதான் போடுவாள்.

ஆனாலும் ஞானாம்பாள் ரயில் ஏறிப் பீச் ஸ்டேஷனில் இறங்கி, பிராட்வேயில் ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரர் துரை, “சார் வரலையாக்கா?” என்று கேட்டார்.

“எந்த சார்?”

“மிஷின ஓட்டப்போற சார்.”

“நான்தான் ஓட்டப்போறேன்.”

துரை அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, “அப்ப இத்த எட்த்துக்கோ. வெயிட்டு கம்மி, கைக்கு அடக்கமா கீது” என்று சின்னதாக ஒன்றை முன்னால் தள்ளினார். ஞானாம்பாள் அதன் அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஆடியது. தட்டு ஆடினால் அறுப்பும் ஆடும் என்று வைத்துவிட்டாள். பெரியதைத் தூக்கி, சுவிட்சுக்கு விரல் எட்டுகிறதா, பிளேடு பூட்டுகிற தண்டில் ஆட்டம் உண்டா, கீழ்மூடி விட்டதும் தானாகத் திரும்பி மூடுகிறதா என்று பத்துத் தடவை பார்த்தாள்.

“இன்னாக்கா, பொண்ணு பாக்க வந்த மாரி பாத்துகினு கீறியே!”

“பொண்ணு விரலை எடுக்க மாட்டாளே, துரை” என்று சொல்லி அதையே வாங்கிக்கொண்டாள். நீளவாக்கில் அறுக்கப் பல் குறைந்த பிளேடு ஒன்று, பிளைவுட்டுக்குப் பல் நெருக்கமானது ஒன்று. இரண்டையும் காகிதத்தில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு தாம்பரம் வரை வந்தாள். அன்று ராத்திரி காமு வரவில்லை. மறுநாள் தன் வீட்டுக்குக் கூப்பிடவும் இல்லை.

ஞானாம்பாள் வேலை செய்த விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. வளையல்களைக் கழற்றி வைத்து, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒயரைத் தோளின் மேல் போட்டுக்கொள்வாள். பிளேடு மரத்துக்கு அடியில் ஒரு பல் அளவுக்குத்தான் எட்டிப் பார்க்கும். சக்கரம் முழு வேகத்துக்கு வந்தபிறகே மரத்தைத் தொடவிடுவாள், தானும் அதன் நேரே நிற்காமல் ஓரமாக நிற்பாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சிட்லபாக்கத்தில் வோல்டேஜ் இறங்கி மிஷின் முனகும் என்பதால் காலையிலும் மத்தியானத்திலும் மட்டுமே அறுப்பாள். அப்படியும் முதல் அலமாரி கோணிக்கொண்டது. பிளேடு தின்னப்போகும் ஒரு நூலைச் சேர்த்துத்தான் கோடு போட்டிருந்தாள்; தட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு நூல் அதிகமாக நின்றன. டேப் பொய் சொல்கிறது என்று வேறு டேப் வாங்கினாள். அதுவும் அதையே சொன்னது. பம்மலிலிருந்து குப்பன் ஆசாரியை வரவழைத்தாள். குப்பன் ஒரு பலகையை அளந்தார், அறுக்கச் சொன்னார், இரண்டு துண்டையும் சேர்த்து அளந்தார், பீடியைக் காதில் செருகிக்கொண்டு மறுபடி அளந்தார்.

“இன்னாக்கா இது? ரெண்டயும் சேத்தா முழுப் பலகையே வர்து. பிளேடு துன்னது எங்க போச்சு?”

“தரையில தூள் இருக்கே, குப்பன்.”

“தூள் கீது. ஆனா பலகைல கொறையலியே. அப்ப வேற எங்கியோ கொறஞ்சிகீது.”

எங்கே குறைந்தது என்பதைக் கண்டுபிடித்தவர் சுந்தரராமன். இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவே துணி காயப்போடும் கொடி ஒன்று உண்டு. அது வாராவாரம் தொய்ந்தது. அவர் இழுத்துக் கட்டக் கட்ட, மீந்த கயிறு ஆணியில் சுருளாகச் சேர்ந்தது. ஒருநாள் ஜன்னலருகே நின்று, “ஏம்மா, இந்த வாரம் எத்தனை அறுப்பு?” என்று கேட்டார். எட்டு என்றாள். அவர் தொய்ந்த கயிற்றை ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். சரியாக ஓர் அங்குலம். “சரிதான்” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

ஞானாம்பாள் அன்றே மனக்கணக்கு போட்டாள். பன்னிரண்டு அடிக்கு ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு அறுப்பு. வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றுதானே அக்கா சொன்னாள்? ஜன்னலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. ஆத்திரத்தில் ஒரு மத்தியானம் முழுக்கக் கழிவுக் கட்டைகளாக அறுத்துத் தள்ளினாள். சந்து அசையவில்லை. யாருக்காவது உபயோகமான பொருளாக முடிந்தால்தான் அறுப்பு செல்லும் என்று தெரிந்தது. அதன் பிறகு சிட்லபாக்கத்தில் முக்காலி இல்லாத வீடு கிடையாது. சாமி அலமாரி, கேஸ் அடுப்பு மேடை, குழந்தைகளுக்கு எழுதும் பலகை, சர்ச்சுக்குப் பத்து பெஞ்சு. எக்ஸ்சேஞ்சில் ரிட்டயர் ஆன எல்லோருக்கும் மாலையோடு ஒரு முக்காலியும் போனது.

1988இல் தண்ணீர் லாரி சந்துக்குள் வர முடியாமல் தெருவிலேயே நின்றது. தொண்ணூற்றொன்றில் ஆட்டோ நின்றது, அடுத்த வருஷம் ஸ்கூட்டர். பால்காரர் பக்கவாட்டாக நடந்து பழகிக்கொண்டார். சந்திலிருந்த பப்பாளி மரம் தட்டையாகி, தாம்பாளம் மாதிரிப் பழம் விட்டது. இனிப்பு குறையவில்லை. சர்வேயர் பக்தவச்சலம் மூன்று முறை சங்கிலி போட்டு மூன்று அளவு கண்டு, நான்காம் முறை வரவில்லை. கிழக்கே குடியிருந்த ரத்தினபாய் தன் தோட்டம் ஆறடி வரை வளர்ந்திருப்பதைப் பார்த்து, கேள்வி கேட்காமல் வெண்டை போட்டாள்.

காமு பேசவில்லை. முதல் இரண்டு வருஷம் மிஷின் கத்தினால் ஜன்னலை அறைந்து சாத்துவாள். பிறகு ஒரு கதவை மட்டும் சாத்தினாள். பிறகு உள்ளே திரும்பிக்கொண்டு, ஆனால் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி, “உங்க மச்சினிகிட்ட சொல்லுங்கோ, பிளேடு மழுங்கிடுத்து. மரம் தீயற நாத்தம் ரசத்துல இறங்கறது” என்பாள். “அக்கா சொல்றா” என்பார் சுந்தரராமன். “கேட்டுதுன்னு சொல்லுங்கோ அத்திம்பேர்” என்பாள் ஞானாம்பாள். “எக்ஸ்சேஞ்சில நீ பாக்கற வேலையை இங்கே ரெண்டு பேருமா என்னைப் பாக்க வெச்சுட்டேளே” என்று அவர் அலுத்துக்கொள்வார். சந்து இரண்டு அடியாக இருந்தபோது ஒரு கிண்ணத்தில் பருப்பு உசிலி ஜன்னல் வழியாக நீண்டு வந்தது. கிண்ணத்தைப் பிடித்திருந்த கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன. சமைத்த கை யாருடையது என்று ஞானாம்பாள் கேட்கவில்லை.

தொண்ணூற்று நான்கு ஆனியில் சந்தில் பூனை நுழைய முடியவில்லை. மாதக் கடைசியில் பல்லியும் முடியாமல் திரும்பியது. ஒரு போஸ்ட் கார்டு மட்டும் போகிற நேரத்தில், ஞானாம்பாள் மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடும்படி ஒரு தேக்கு மேஜை செய்துகொண்டிருந்தாள். கால்கள் ஆயின, சட்டம் ஆயிற்று. மேல்பலகையில் ஒரே ஓர் அறுப்பு பாக்கி. அத்தோடு மிஷினை நிறுத்திவிட்டாள். ஆடி பிறந்து ஆடி முடிந்தது. வோல்டேஜ் நன்றாக இருந்தது. மிஷின் பேசவில்லை.

சுந்தரராமன் சுவரோடு சுவராகப் பேசினார். “என்னம்மா, மிஷின் ரிப்பேரா?”

“இல்லை.”

“மரம் ஈரமா?”

“நன்னாக் காய்ஞ்சிருக்கு.”

“பின்னே என்ன?”

“சுவர் சேர்ந்தப்புறமும் அக்கா ஜன்னலைச் சாத்திண்டுட்டான்னா? ஒரு நூல் இருக்கறவரைக்கும் இன்னும் ஒரு நூல் இருக்குன்னு இருக்கலாம். அதுவும் போயிட்டா, அறுக்கறதுக்கு என்ன இருக்கு அத்திம்பேர்?”

அந்தப் பக்கம் காமு அரிசி களைந்துகொண்டிருந்த சத்தம் நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் சமையலறைப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டு ஞானாம்பாள் போய்ப் பார்த்தாள். குப்பன் காமுவின் ஜன்னலிலிருந்து இரும்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். “இன்னா குப்பன், ஏன்?” என்று அவர் பாஷையிலேயே கேட்டுவிட்டாள். “பெரியக்கா சொல்ச்சி, கயட்றேன்” என்று அவர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஊறுகாய் ஜாடிகள், எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஜன்னல் திட்டை யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள்.

ஞானாம்பாள் வளையல்களைக் கழற்றினாள். தலைப்பைச் செருகினாள். பலகையை ஏற்றி, கோட்டின் மேல் அடித்தட்டை வைத்தாள். சுவிட்சின் மேல் விரல் இருந்தது, அழுத்தவில்லை. எதிர் ஜன்னலில், கம்பி இல்லாத இடத்தில், இரண்டு முழங்கைகளையும் திட்டில் ஊன்றிக்கொண்டு காமு வந்து நின்றாள். தலை நரைத்திருந்தது. இவ்வளவு கிட்டத்தில் இப்போதுதான் தெரிந்தது.

“அறுடி, ஞானம். நான் இங்கேயேதான் நிக்கப்போறேன்.”