குளுக்கோஸ் கொக்கி

கோர்ட் அனுப்பிய கமிஷனர் பட்டறைப் பூட்டின் மேல் அரக்கு வைத்தபோது பிரிஸ்கில்லா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். உத்திரமேரூரில் அந்தப் பட்டறையை அவளும் லேத் ஓட்டும் தினேஷ்குமாரும் கூட்டாக நடத்தினார்கள். குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடும் கொக்கி ஒன்றைச் செய்து விற்றார்கள். பாட்டில் தீர்ந்து எடை குறைந்தால் கொக்கிக்குள் இருக்கும் ஸ்பிரிங் மேலேறி மணி அடிக்கும்.

அந்தக் கொக்கிக்குக் காப்புரிமை தங்களுடையது, இவர்கள் காப்பியடித்துவிட்டார்கள் என்று சென்னைக் கம்பெனி ஒன்று வழக்குப் போட்டு, இவர்களைக் கேட்காமலே இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டது.

நடந்தது நேர்மாறு. ஆறு வருஷத்துக்கு முன் பிரிஸ்கில்லா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாற்பது கட்டிலுக்கு அவள் ஒருத்திதான். பாட்டில் தீர்ந்தது தெரியாமல் குழாயில் ரத்தம் ஏறி நிற்பதை ஒரே நாளில் மூன்று பேரிடம் பார்த்தாள். பழைய ஸ்பிரிங் தராசைப் பிரித்து, காலிங் பெல் மணியைச் சேர்த்து, முதல் கொக்கியை அவளே கட்டினாள். தினேஷ்குமார் அதைப் பார்த்துத்தான் பட்டறை போடலாம் என்றான். அடுத்த வருஷம் வசந்த்குமார் என்ற, அந்தச் சென்னைக் கம்பெனியின் மேனேஜர் வந்தார். ஏஜென்சி எடுப்பதாகச் சொல்லி பில் போட்டுப் பத்து கொக்கி வாங்கிப் போனவர் திரும்பவே இல்லை. இப்போது வழக்கில் கையெழுத்துப் போட்டிருப்பவர் அவர்தான்.

"பில் மட்டும் பத்தாது. அவங்க காப்புரிமைக்கு விண்ணப்பிச்சதுக்கு முன்னாடியே இது ஆஸ்பத்திரியில தொங்குச்சுன்னு தேதியோட காட்டணும்" என்றார் வக்கீல் ஜெயப்பிரியா.

பழைய ரெக்கார்டு எதுவும் இல்லை என்று ஆஸ்பத்திரி கைவிரித்தது. அப்போதுதான் பிரிஸ்கில்லாவுக்கு, அங்கே பிரசவத்துக்கு வந்து, கொக்கி மாட்டிய கட்டிலில் படுத்திருந்த தென்னேரி அம்முலுவின் நினைவு வந்தது. தேடிப் போனாள். நாற்று நட்டுக்கொண்டிருந்த அம்முலு கையைக் கழுவிவிட்டுப் போனைத் துழாவினாள். குழந்தை பிறந்த அன்று புருஷனுக்கு அனுப்பிய போட்டோ கிடைத்தது. குழந்தையின் தலைக்கு மேலே கொக்கி தெளிவாகத் தெரிந்தது. கம்பெனி விண்ணப்பித்ததற்குப் பதினாலு மாதம் முந்தைய தேதி.

"இன்னா அநியாயம் சிஸ்டர் இது! போனையே எடுத்துக்கினு போ. கோர்ட்டுல வந்து சொல்லணும்னாலும் சொல்றேன்" என்றாள் அம்முலு.

போட்டோவின் நகலை ஜெயப்பிரியா கோர்ட்டில் போட்டதுமே கம்பெனி சமாதானம் பேசக் கூப்பிட்டது. ஏ.சி. அறையில் வசந்த்குமார் ஒரு தாளை நீட்டினார்.

"எங்க டிசைனைப் பார்த்துதான் செஞ்சோம்னு கையெழுத்துப் போடுங்க. வழக்கை வாபஸ் வாங்கிக்கிறோம். நீங்க எங்களுக்கே செஞ்சு சப்ளை பண்ணலாம்."

தினேஷ்குமார் பேனாவை எடுத்தான். "நம்ம பட்டறைப் பொண்ணுங்க நாலு பேரு வேலையில்லாம கீறாங்க சிஸ்டர்..."

வசந்த்குமார் சிரித்தார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். இதை உங்களுக்கு வரைஞ்சு குடுத்த இன்ஜினியர் யாரு? உங்க வீட்டுல எல்லாரும் கூலி வேலைன்னு கேள்விப்பட்டேன்."

பிரிஸ்கில்லா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஆமாய்யா, எங்கம்மா களை எடுத்தாங்க. அதுக்கு? கூலிக்காரி பொண்ணுக்கு மூளை இருக்காதா? பத்து கொக்கிய வாங்கிக்கினு போயி கயட்டிப் பாத்த ஆளு நீ. எனக்கு யாரு வரைஞ்சி குடுத்தாங்கன்னு கேக்கறியா? அண்ணா, பேனாவ கீழ வை!"

தினேஷ்குமார் வைத்துவிட்டான்.

அடுத்த வாய்தாவில் நீதிபதி போட்டோவையும் பில்லையும் பார்த்தார். பத்து கொக்கி வாங்கியதை மனுவில் ஏன் மறைத்தீர்கள் என்று கம்பெனி வக்கீலைக் கேட்டார். அன்றே தடை நீங்கியது.

ஆனால் பட்டறை மூடிக் கிடந்த ஏழு வாரத்தில் இரண்டு ஆஸ்பத்திரிகள் கம்பெனிக் கொக்கிக்கு மாறியிருந்தன. காப்புரிமையை ரத்துசெய்யப் போட்ட மனு சென்னை ஹைகோர்ட்டில் இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிரிஸ்கில்லா விடிந்ததும் சென்னை பஸ் ஏறிவிடுகிறாள். நீங்கள் வரத் தேவையில்லை என்று ஜெயப்பிரியா சொல்லிப் பார்த்தார்.

"வருவேன் மேடம். ஒவ்வொரு வாட்டியும் அந்தாளு என் மூஞ்சிய பாக்கணும்" என்றாள்.