டாக்டர் வரட்டும்

விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எட்டுப் பேர் தோளோடு தோள் கோர்த்து, தலையைத் தாழ்த்தி, பாரம் ஏற்றிய இரும்பு வண்டியை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். காலடியில் உறைபனி நொறுங்கியது. வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. அதன்மேல் ஏறி நின்ற பயிற்சியாளர், "இன்னொரு தடவை" என்றார். எட்டு முதுகுகளிலிருந்தும் ஆவி எழுந்தது.

முன்வரிசையில் இருந்தவன் நெவில் ஓல்ட்ராய்ட், ஹார்ட்ஷா ரக்பி அணியின் கேப்டன். வயது முப்பத்து மூன்று. இது முடிந்ததும் ஏழரை மணிக்கு அவன் ஊருக்கு வெளியே ஒரு கட்டடத்தில் சாரம் கட்ட ஏறியாக வேண்டும். அவனோடு தோள் கோர்த்திருந்த பிரெண்டன் ஸ்லேட்டர் தபால்காரன். முதல் டிவிஷன்காரர்களுக்கு ரக்பிதான் வேலை. இரண்டாம் டிவிஷனில் அது, வேலைக்குப் போகுமுன் செய்து முடிக்கிற இன்னொரு வேலை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. செப்டம்பரில் சீசன் தொடங்கியபோது மாலையில்தான் பயிற்சி. முதல் இரண்டு ஆட்டங்களில் ஜெயித்ததும் ஊரே நிமிர்ந்து நடந்தது. பிறகு வரிசையாக ஐந்து தோல்வி. நவம்பரில் கிளப் முதலாளி கார்சைட் மாலை நேரத்து மைதானத்தை வெளியாட்களுக்கு வாடகைக்கு விட்டார். பயிற்சி விடிகாலைக்குப் போயிற்று. அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிசியோ ஷீனா டாகர்ட்டுக்கு ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட். அவளால் வர முடியவில்லை. வேறு ஆளையும் போடவில்லை. சனிக்கிழமை போட்டிக்கு மட்டும், சட்டத்துக்காக, ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்திருப்பார். இதெல்லாம் சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. கேப்டனும் திறக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சி. விளக்குகளில் பாதிதான் எரிந்தது. இசிகேலி குனிந்து பாய்ந்து ஆளை மடக்கப் போனபோது எதிரே ஓடிவந்த சக வீரனின் முழங்கால் அவன் பொட்டில் இடித்தது. மரக்கட்டை விழுந்த சத்தம். ஃபிஜித் தீவிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன் வந்தவன், அணியிலேயே வலுவானவன், கைகால் பரப்பிக் கிடந்தான். பயிற்சியாளர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். எழுந்தான், சிரித்தான், தப்பான பக்கம் போய் நின்றுகொண்டான்.

நெவில்தான் அவனை வேனில் ஏற்றி வீட்டில் விட்டான். வழியில் இசிகேலி மூன்று தடவை கேட்டான், இன்றைக்கு என்ன கிழமையென்று. ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பியிருக்கலாம். ஏழரை மணி ஆகிக்கொண்டிருந்தது. நெவில் திருப்பவில்லை.

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாரத்தின் மேல் நின்றுகொண்டு, முடுக்கிய திருகாணியையே மறுபடி முடுக்கினான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடினான். வியாழக்கிழமை பொறுக்கமுடியாமல் வேலையைப் பாதியில் விட்டு இசிகேலி வீட்டுக் கதவைத் தட்டினான். மனைவி லிட்டியா திறந்தாள். ஜன்னல்களிலெல்லாம் போர்வை தொங்கியது. வெளிச்சம் பட்டால் வாந்தி எடுக்கிறாராம். காலையில் மகளைக் கூப்பிட வாய் திறந்து, பெயர் வராமல் நின்றிருக்கிறார். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"அவர் இந்த நாட்ல இருக்கறதே விசாவுக்குக் கிளப் போடற கையெழுத்துலதான். ஆடலேன்னா கையெழுத்து இல்ல. எங்களால என்ன பண்ண முடியும், சொல்லுங்க" என்றாள் லிட்டியா.

நெவில் கூப்பிட்டு, ஷிப்ட் முடிந்து வந்த ஷீனா, இசிகேலியின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள், நடக்கச் சொல்லிப் பார்த்தாள். மூன்று வாரம் ஓடவே கூடாது, இதன்மேல் இன்னொரு அடி விழுந்தால் பிழைப்பது கஷ்டம் என்று நெவிலிடம் நேராகச் சொல்லிவிட்டாள். கடிதமும் எழுதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை கிளப்பில் ஒட்டிய மறுநாள் ஆட்டக்காரர் பட்டியலில் ஏழாம் எண்ணுக்கு நேரே இசிகேலியின் பெயர்தான் இருந்தது.

நெவில் மாடியேறி முதலாளி அறைக்குப் போனான். கார்சைட் கெட்ட மனிதர் போலத் தெரியமாட்டார். உட்காரச் சொன்னார், தேநீர் ஊற்றினார், கடிதத்தைப் படித்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ஷீனா அன்னைக்கு டியூட்டில இல்லையே. பயிற்சியில அடிபட்டதா எந்தப் புத்தகத்துலயும் இல்ல, நெவில்."

"எழுதறதுக்கு ஆளே இல்லையே. அப்புறம் எப்படிப் புத்தகத்துல இருக்கும்?"

"நாளைக்கு ஜெயிக்கலேன்னா கீழ் டிவிஷனுக்கு இறங்கறோம். நான் இல்லேன்னா இந்த மைதானத்துல இன்னைக்கு சூப்பர்மார்க்கெட் நிக்கும். உங்கள்ல யாராவது அத நெனைச்சுப் பாக்கறீங்களா?"

"நெனைக்கிறோம், மிஸ்டர் கார்சைட். அதனாலதான் இவ்வளவு நாளா வாய மூடிட்டு இருந்தோம்."

கார்சைட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி, டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லு. அவனை நிறுத்திடுவாரு. ஆடாதவனுக்காக அடுத்த வருஷம் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பொண்டாட்டி, புள்ளையோட ஊருக்குப் போய்ச் சேரட்டும். நீயே முடிவு பண்ணிக்க."

தேநீரைத் தொடாமல் நெவில் இறங்கி வந்தான். பேசாமலிருந்தால் இசிகேலியின் உயிருக்கு ஆபத்து, பேசினால் அவன் பிழைப்பு போய்விடும். தனியொருவன் முடிவெடுக்கிற விஷயமில்லை இது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சனிக்கிழமை மதியம் உடைமாற்றும் அறையில் தைல நெடி. மேலே மரப்பலகை இருக்கைகளில் கூட்டம் காலால் தட்டிக்கொண்டிருந்தது. ஷீனாவும் உள்ளே வந்ததும் நெவில் கதவைச் சாத்தினான். சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னான், வேனைத் திருப்பாமல் விட்டதையும் சேர்த்து. பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னான். நவம்பரில் தலையில் அடிபட்ட ஒரு ஆட்டம் முடிந்து வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டிப் போனான் என்பது இன்றுவரை அவனுக்கு நினைவில்லை.

பிரெண்டன் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னான்: "அக்டோபர்ல ரெண்டு வாரம் எனக்கு எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. மில் தெருக் கடுதாசி பூராவும் சர்ச் தெருவுல போட்டுட்டேன். குடிச்சிருந்தேன்னு மேலதிகாரிகிட்டச் சொல்லிச் சமாளிச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. இன்னொருவன் பேசினான், பிறகு இன்னொருவன். ஆளுக்கொன்று இருந்தது.

மூலையிலிருந்த இசிகேலி ஏழாம் எண் சட்டையை மடிமேல் வைத்துக்கொண்டு மறுத்துத் தலையாட்டினான். "எனக்காக நீங்க யாரும் தெருவுக்கு வரவேண்டாம்."

"உனக்காக மட்டும்னு யார்டா சொன்னது?" என்றான் பிரெண்டன்.

ஷீனா ஒரு காகிதத்தில் எழுதினாள். ஒவ்வொரு பயிற்சிக்கும் மருத்துவம் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும். அடிபட்டு உட்காரும் எவனையும் அதற்காக அணியிலிருந்து நீக்கவோ, அவனுக்கான கையெழுத்தை நிறுத்தவோ கூடாது. இதை ஒப்புக்கொள்ளும்வரை மைதானத்தில் கால் வைப்பதில்லை. நெவில் முதல் கையெழுத்தைப் போட்டான். காகிதம் பெஞ்சோடு சுற்றி வந்தது. அடுத்த வருடம் வேறு கிளப்புக்குப் போகவிருந்தவன்கூடப் போட்டான். கடைசியில் ஷீனாவும் தன் பெயரை எழுதினாள்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கார்சைட் வந்தார். படித்தார்.

"உங்க இடத்துக்கு நாப்பது பேர் வரிசையில நிக்கறான், தெரியுமா?"

"வரச் சொல்லுங்க. அவங்களும் மண்டையோடதான் வருவாங்க" என்றான் நெவில்.

"ஆடலேன்னா நாலு புள்ளி போகும், அபராதம் விழும். கிளப்பே போயிடும்."

"டாக்டர் வரட்டும். பயிற்சிக்கும் வருவார்னு இப்பவே எழுதிக் குடுங்க, இப்பவே எறங்கறோம்."

கார்சைட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. வழக்கறிஞரோடு பேசிக்கொள்கிறேன் என்று கதவை அறைந்துவிட்டுப் போனார்.

மணி மூன்றைத் தாண்டியது. மேலே தட்டல் சீட்டியாக மாறியது. ஒருவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான், மறுபடி அவிழ்த்தான். நடுவர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு எதிரணிக் கேப்டன் வந்தான். பெயர் ட்ரெகென்ஸா. கார்ன்வாலிலிருந்து ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்த அணி அவனுடையது. உடைந்து கோணிய மூக்கு. என்னய்யா விளையாட்டு இது, நாங்கள் இங்கே குளிரில் விறைத்துச் சாகவா என்று எரிச்சலோடுதான் தொடங்கினான். நெவில் காகிதத்தை நீட்டினான். ட்ரெகென்ஸா படித்தான். கடைசிவரை படித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தான்.

"எங்க பயிற்சிக்கும் எவனும் இல்ல" என்றான் மெதுவாக. காகிதத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வெளியே போனான்.

அது நல்லதா கெட்டதா என்று யாருக்கும் புரியவில்லை. சுவருக்கு அப்பால் குரல்கள் உயர்ந்தன, எவனோ கத்தினான், எவனோ அடக்கினான். வெகுநேரம் போனதுபோல் இருந்தது. அப்புறம் நடைவழிச் சிமெண்டுத் தரையில் பூட்ஸ் ஆணிகளின் சத்தம் கேட்டது. மைதானத்துக்குப் போவதானால் இடப்பக்கம் திரும்பவேண்டும். சத்தம் வலப்பக்கம் திரும்பி நெருங்கி வந்தது.

கதவு திறந்தது. ட்ரெகென்ஸா நின்றான். அவன் பின்னால் நடைவழி நிறைய வேற்று நிறச் சட்டைகள். கையிலிருந்த காகிதத்தின் அடிப்பக்கம் புதிதாக நிறையப் பெயர்கள்.

"முழுசா எல்லாரும் போடல. நாலு பேர் யோசிக்கறாங்க. யோசிக்கட்டும்" என்றவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். "எங்க ரூம்ல ஹீட்டர் வேலை செய்யல. கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா."

பெஞ்சில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தார்கள்.